மூணு செகண்டுக்கு அப்புறம்?

ஹாஸ்டலில் ரெண்டு பேர் கார் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூணாவது கேள்வி என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெயர் சொல்லியாச்சு, விலை சொல்லியாச்சு, அடுத்து, "மச்சி, ஜீரோ டு ஹண்ட்ரட் எவ்ளோடா?" அந்த ஒரு எண்ணைச் சொன்னதும் தீர்ப்பு வந்துவிடும். மூன்று நொடி என்றால் கடவுள். ஐந்து என்றால் பரவாயில்லை. எட்டு என்றால், "போடா, எங்க மாமாவோட டீசல் வண்டியே இதவிட நல்லா போகும்!"

நான் இந்த எண்ணுக்கு எதிரி இல்லை. மெக்கானிக்கல் படிக்கிறவன் எண்ணுக்கு எப்படி எதிரியாக இருக்க முடியும்? ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று ஒருமுறையாவது யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. எனக்கு இதில் கொஞ்சம் சொந்த விஷயமும் இருக்கிறது. அதை நடுவில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.

மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காரை முன்னே தள்ளுவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையில் இருக்கிற உராய்வு மட்டுமே. நல்ல டயர், நல்ல ரோடு, உராய்வுக் குணகம் 1 என்று வைத்துக்கொள்வோம். நாலு சக்கரமும் இழுத்தால்கூட அதிகபட்ச முடுக்கம் 9.8, அதாவது ஒரு ஜி. 27.8-ஐ 9.8-ஆல் வகுத்தால் 2.8 நொடி. 500 குதிரை சக்தியாக இருந்தாலும் சரி, 1000 குதிரை சக்தியாக இருந்தாலும் சரி, இதற்குக் கீழே போக வேண்டுமென்றால் இன்னும் ஒட்டும் டயரும் அதற்கேற்ற தரையும் வேண்டும். எஞ்சின் போதாது.

டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் என்ற காருக்கு, மணிக்கு 60 மைல் வேகம் எட்ட 1.99 நொடி என்று கம்பெனி சொன்னது. 1020 குதிரை சக்தி, இரண்டு டன்னுக்கு மேல் எடை, நாலு கதவு உள்ள குடும்பக் கார்! ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு விஷயம் இருந்தது. முதல் ஒரு அடி தூரம் நகர்வதற்கு ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு. அது அமெரிக்காவில் டிராக் ரேஸ் மைதானத்திலிருந்து வந்த பழக்கம். பல பத்திரிகைகளும் அப்படித்தான் அளக்கின்றன. ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. அளக்கும் முறை தெரியாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள் என்கிறேன்.

இதில் டிரைவர் எங்கே இருக்கிறார்? பிரேக்கை மிதிக்கிறார், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார், பிரேக்கை விடுகிறார். சக்கரம் சுழன்று வழுக்காமல் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டர். கியர் மாற்றுவது கம்ப்யூட்டர், இல்லையென்றால் கியரே கிடையாது. ஆக, ஜீரோ டு ஹண்ட்ரட் என்பது டிரைவரை வெளியே நிறுத்திவிட்டு காருக்கு மட்டும் வைக்கும் பரீட்சை. அதன் பலமும் அதுதான். யார் ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே மார்க். அதன் குறையும் அதுதான். மூணு செகண்டுக்கு அப்புறம் ஒரு வளைவு வரும். அந்த வளைவைப் பற்றி இந்த எண் வாயே திறக்காது.

வளைவு என்றதும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஞாபகம் வராமல் இருக்காது. சுமார் 20 கி.மீ. நீளம், 70-க்கும் மேற்பட்ட வளைவுகள், மேடு, பள்ளம். 2004-இல் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காக ஜெரமி கிளார்க்சன் ஒரு டீசல் ஜாகுவார் எஸ்-டைப்பை எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிக்கிறேன் என்று படாதபாடு பட்டு 9 நிமிடம் 59 நொடியில் முடித்தார். பிறகு அதே காரில் சபீன் ஷ்மிட்ஸ் உட்கார்ந்தார். 9 நிமிடம் 12 நொடி. கார் மாறவில்லை, எஞ்சின் மாறவில்லை. சீட்டில் இருந்த ஆள் மாறினார், 47 நொடி காணாமல் போனது.

அடுத்த வருஷம் அவர் செய்ததுதான் இன்னும் பெரிய கூத்து. ஒரு ஃபோர்டு டிரான்சிட் டீசல் வேன். நம்ம ஊரில் கூரியர் ஏற்றும் வேன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத எடையை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு அதே ரிங்கில் 10 நிமிடம் 8 நொடியில் வந்தார். கிளார்க்சனின் ஜாகுவார் நேரத்தைத் தொட வெறும் 9 நொடி பாக்கி! சபீன் அந்த டிராக்குக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். 1996, 1997 இரண்டு வருஷமும் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த அணியில் இருந்தவர். 2021-இல் காலமானார். அந்த வேன் வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள், இந்தக் கட்டுரையை முடித்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

நான் அந்த வீடியோவை எங்க அப்பாவோடு சேர்ந்து பார்த்தேன். இதுதான் நான் சொன்ன சொந்த விஷயம்.

அப்பா டிரைவர். நாமக்கல் பக்கம். டாடா 407 ஓட்டுகிறார். சீசனில் கொல்லிமலை மேலே இருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்குவார். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் அந்த ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களில் பைக்கில் போன பலருக்குத் தெரியும். நீங்கள் ரீல்ஸ் எடுக்கப் போன அதே ரோட்டில்தான் அவர் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்.

வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் வேகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "அந்தம்மா ஸ்டியரிங்க ஒரு தடவ ஒடிச்சா ஒடிச்சதுதான் கண்ணு. திருப்பித் திருப்பி சரி பண்ணல, பாத்தியா?" என்றார். நான் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஜாகுவார் ஓட்டிய கிளார்க்சனின் கை வளைவுக்குள் போன பிறகும் அல்லாடிக்கொண்டே இருந்தது. சபீனின் கை ஒருமுறை திரும்பி, அப்படியே நின்று, மெதுவாகத் திரும்பி வந்தது. சஸ்பென்ஷன் பற்றி இரண்டு செமஸ்டர் படித்த என் கண்ணுக்கு அது முதல் தடவை படவே இல்லை.

பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு வண்டியில் போயிருக்கிறேன். மலை இறங்கும்போது அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, ஏறின கியரில்தான் இறங்கணும். இரண்டு, பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும், வளைவுக்குள்ள காலை வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், "வச்சா வண்டி சொன்ன பேச்சு கேக்காது" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

வெஹிக்கிள் டைனமிக்ஸ் வகுப்பில் 'ஃப்ரிக்ஷன் சர்க்கிள்' வரைந்தபோதுதான் அந்த விளக்கத்தின் மீதிப் பாதி கிடைத்தது. ஒரு டயரிடம் இருக்கும் பிடிப்பு ஒரு மாசச் சம்பளம் மாதிரி. பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஸ்டியரிங் மூன்றுக்கும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் செலவு. மொத்தத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமே இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். அதே நேரம் இது சாதாரணக் கழித்தல் கணக்கும் இல்லை, வட்டம். 80 சதவீதம் பிரேக்குக்குப் போனால் திரும்ப 20 சதவீதம் அல்ல, 60 சதவீதம் மிச்சமிருக்கும். பித்தாகரஸ்! பந்தய டிரைவர்கள் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வளைவுக்குள் நுழைவது இதனால்தான். பிரேக்கில் இருக்கும்போது எடை முன் சக்கரங்களின் மேல் சாய்ந்திருக்கும், முன் டயர்கள் நன்றாகக் கடிக்கும். சம்பளத்தின் கடைசி ரூபாய் வரை கணக்குப் பார்த்துச் செலவழிப்பதுதான் அவர்கள் தொழில்.

லோடு வண்டியில் அப்பா அந்தக் கடைசி ரூபாயைத் தொடுவதே இல்லை. அவருக்கு அது சேமிப்பு. திடீரென்று எதிரே பஸ் வந்தால் அந்த மிச்சம்தான் உயிர். இருவரும் வேறு வேறு காரியத்துக்காக அதே வட்டத்தைக் கையில் உணர்ந்தவர்கள்.

"அப்படின்னா டிரைவர்தான் எல்லாம், கார் ஒண்ணுமே இல்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். என் ரூம்மேட்டும் கேட்டான். "நல்ல டிரைவர் ரெண்டு காரையும் நல்லாத்தான் ஓட்டுவான். அப்போ வேகமான கார்தானே ஜெயிக்கும்?" நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது.

1993 ஏப்ரல் 11, இங்கிலாந்தில் டோனிங்டன் பார்க். மழை. ஐர்டன் சென்னாவின் மெக்லாரனில் இருந்தது ஃபோர்டு எஞ்சின். எதிரே வில்லியம்ஸ் கார்களில் அதைவிடச் சக்தியான ரெனோ எஞ்சின். சென்னா நாலாவது இடத்திலிருந்து கிளம்பி, ஆரம்பத்திலேயே ஐந்தாவதாகத் தள்ளப்பட்டார். ஷூமாக்கர், வென்ட்லிங்கர், ஹில், ப்ராஸ்ட் என்று நாலு பேரையும் முதல் சுற்று முடிவதற்குள் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். கடைசியில் இரண்டாவதாக வந்த ஹில்லுக்கும் அவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. டிரைவர் கட்சிக்காரர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

மீதிக் கதையைச் சொல்ல மாட்டார்கள். அந்த வருஷ சாம்பியன் யார்? வில்லியம்ஸ் ஓட்டிய அலன் ப்ராஸ்ட். ப்ராஸ்டுக்கு 7 வெற்றி, சென்னாவுக்கு 5. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டயரின் பிடிப்பு எல்லோருக்கும் குறைந்துவிட்டது, அதிகக் குதிரை சக்தியை ரோட்டில் இறக்க வழி இல்லை, கை பேசியது. வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டால் கார் பேசியது. (ப்ராஸ்டும் சும்மா ஆள் இல்லை, நாலு முறை உலக சாம்பியன்!)

ஆக, ரூம்மேட் சொல்வது சரி. ஒரே டிரைவரை இரண்டு காரில் உட்கார வைத்தால் அது காருக்கான பரீட்சை. ஒரே காரில் இரண்டு டிரைவரை உட்கார வைத்தால் அது டிரைவருக்கான பரீட்சை. நாம் ஹாஸ்டலில் சண்டை போடுவது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஜாதிக்கு மூணாவதாக ஒரு பரீட்சை உண்டு என்று நினைக்கிறேன். இந்தக் கார் டிரைவரிடம் எவ்வளவு பேசுகிறது? அவன் கற்றுக்கொண்டால் அதற்கு மதிப்பு கொடுக்கிறதா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரை சக்திகூட இல்லை, எடை ஒரு டன்னுக்கும் கீழே. நம் ஹாஸ்டல் தீர்ப்புப்படி அது ஸ்போர்ட்ஸ் காரே கிடையாது. ஆனால் பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இருக்கிறது. 'ஜின்பா இத்தாய்' என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள். குதிரையும் சவாரிக்காரனும் ஒரே உடம்பாக இருப்பது. அதுதான் அந்தக் காரின் டிசைன் நோக்கம். 2012-இல் வந்த டொயோட்டா 86-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 200 குதிரை சக்தி காருக்கு, பிரியஸ் காரில் வந்த அதே ரக ஒல்லி டயரைப் போட்டார்கள். பிடிப்பு குறைவு என்றால் எல்லை சீக்கிரமே வந்துவிடும். குறைந்த வேகத்திலேயே வண்டி வழுக்க ஆரம்பித்து, "பார், இங்கேதான் உன் எல்லை" என்று சொல்லிக்கொடுக்கும்.

பெரிய டயர், பெரிய எஞ்சின், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் உள்ள கார், எல்லையை எங்கேயோ தூரத்தில் வைத்துவிடுகிறது. நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது வேகம் 180-ஐத் தாண்டியிருக்கும். அங்கே பாடம் நடத்த நேரம் இருக்காது. ஒரு சின்னக் கணக்கு: ஒரு ஜி பிரேக்கில் 100-லிருந்து நிற்க 39 மீட்டர், 140-லிருந்து நிற்க 77 மீட்டர். வேகம் நாற்பது சதவீதம் கூடினால் தூரம் இரண்டு மடங்கு. இதில் நீங்கள் அதிர்ச்சியாகி பிரேக்கைத் தொடுவதற்கு முன் ஓடிய தூரம் சேரவில்லை. முடுக்கத்தைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கலாம். நிறுத்தும் புத்தியை அப்படி வாங்க முடியாது. இ.சி.ஆர். ரோட்டில் நடக்கும் பல விபத்துச் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு இந்த இடைவெளிதான் ஞாபகம் வருகிறது.

இதெல்லாம் எங்கேயோ இருக்கும் கோடீஸ்வரன் கார் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் காலேஜ் ஃபார்முலா ஸ்டூடண்ட் டீமில் இப்போது நடக்கும் சண்டையும் இதேதான். கையில் இருக்கும் ஸ்பான்சர் பணத்தை எஞ்சினுக்குப் போடுவதா, இல்லை டயர் வாங்கி டிரைவர் பிராக்டிஸுக்குப் போடுவதா? மீட்டிங்கில் எஞ்சின் கட்சிக்குத்தான் கைதட்டல். டைனோ கிராஃபைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டலாம். பிராக்டிஸை எப்படி ஒட்டுவது?

ஆனால் மார்க் ஷீட்டைப் பாருங்கள். இந்தப் போட்டியின் மூலமான அமெரிக்க எஃப்.எஸ்.ஏ.இ. விதிப்படி, 75 மீட்டர் நேர்கோட்டில் பறக்கும் ஆக்ஸிலரேஷன் சுற்றுக்கு 100 மார்க். எட்டு வடிவத்தில் சுற்றும் ஸ்கிட்பேடுக்கு 75. ஆட்டோகிராஸுக்கு 125. சுமார் 22 கி.மீ. ஓடும் எண்டியூரன்ஸுக்கு 275, அதுவும் பாதியில் டிரைவர் மாற வேண்டும். பெட்ரோல் எஞ்சின் என்றால் 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் வழியாகத்தான் மூச்சே விட முடியும். விதி எழுதியவர்கள் எஞ்சினின் தொண்டையை இறுக்கிவிட்டு, வளைவுக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். போன ஜெனரேஷனும் இப்படித்தான் வளர்ந்தது. கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி கார் செய்தார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் அந்த ரேஸில்தான் ஆரம்பித்தார். 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார். இன்று ஃபார்முலா பாரத் நடக்கும் கோவை டிராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று கரிவரதனின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

டீமில் இன்னொரு சிக்கலும் உண்டு. சீட்டில் உட்காரப் போவது யார்? சீனியர் என்பதால் ஒருவர், ஸ்பான்சர் பிடித்ததால் ஒருவர், 390 சிசி பைக் வைத்திருப்பதால் ஒருவர். கோன் டெஸ்டில் ஒவ்வொரு முறையும் நல்ல டைம் போடுவது எலெக்ட்ரிக்கலில் இருந்து வந்த ஒரு ஜூனியர் பொண்ணு. பைக்கே ஓட்டத் தெரியாது. ஆனால் பத்துச் சுற்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும், ஒரு கோன்கூட விழாது. "லக் மச்சி" என்கிறார்கள். பத்துத் தடவை வந்தால் அதற்குப் பேர் லக் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்து கோபம் வருகிறது. அவருக்கு வேலை கொடுக்கும் வண்டி ஓனர்கள் கேட்பதும் ஒரே எண்தான்: "எத்தன மணிக்குப் போய்ச் சேருவ?" அதுதான் லோடு வண்டி உலகத்தின் ஜீரோ டு ஹண்ட்ரட். பிரேக் லைனிங் எவ்வளவு நாள் வந்தது, டயர் எவ்வளவு ஓடியது, மலை இறங்கும்போது பக்கத்தில் படுத்திருந்த கிளீனர் அண்ணன் தூக்கம் கலைந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அட்மிஷன் ஃபார்மில் 'தந்தை தொழில்' என்ற கட்டத்தில் 'டிரைவர்' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "வெறும் டிரைவரா?" என்றார். அதே வார்த்தையை சென்னாவுக்குப் போட்டால் போஸ்டர் அடித்து ரூமில் ஒட்டுகிறோம். இருவரும் செய்வது நாலு டயரின் பிடிப்பைக் கையாலும் காலாலும் படிப்பது. ஒருவருக்கு அதை அளக்க ஸ்டாப்வாட்ச் வைத்தோம், இன்னொருவருக்கு வைக்கவில்லை.

அளக்க முடிந்ததை மட்டும் மதிப்பது நம் எஞ்சினியரிங் புத்தி. அதில் தப்பில்லை. ஆனால் அளக்காததெல்லாம் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து. அளவுகோலை மாற்றிப் பாருங்கள். ஒரு காரைப் பற்றிப் பேசும்போது ஜீரோ டு ஹண்ட்ரட் கேளுங்கள், தாராளமாக. கூடவே எடை எவ்வளவு, 100-லிருந்து எத்தனை மீட்டரில் நிற்கும், வளைவில் எல்லை வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டு வருமா, சொல்லாமல் வருமா என்றும் கேளுங்கள். ஒரு டிரைவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய சிறந்த சுற்றை மட்டும் பார்க்காதீர்கள். பத்தாவது சுற்றையும் பாருங்கள்.

எங்கள் டீமுக்கும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சீட்டுக்கு ஆள் தேர்வு பெயரை மறைத்து, நேரத்தை மட்டும் வைத்து, பத்துச் சுற்று சராசரியில் நடக்க வேண்டும். இன்னும் ஓட்டெடுப்பு முடியவில்லை. வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வொர்க்‌ஷாப் பின்னால் இருக்கும் கிரவுண்டில் கோன் வைப்போம். நேரம் குறிக்க ஆட்கள் வேண்டும், முக்கியமாக ஓட்டுபவர் யார் என்று கவலைப்படாத ஆட்கள். ஃபோனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். வாங்க.